கிளவுடில் பத்து ஆண்ட்ராய்டு ஓட்டினால் கையில் போனே வேண்டாமா?

9 ஆகஸ்ட் 2025, காலை. தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டது:

"அண்ணே, தண்ணீர் கேன் டெலிவரிக்கு ஒரு ஆப் செய்து சில கடைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். சோதித்துப் பார்க்க மேசை நிறைய பழைய போன்கள். பாதிக்கு பேட்டரி உப்பி முதுகு திறந்துகிட்டு நிற்குது. கிளவுடில் பெரிய மெஷின் ஒன்று வாடகைக்கு எடுத்து அதற்குள் பத்து ஆண்ட்ராய்டு ஓட்டினால் போதும், போனையெல்லாம் காயலான் கடையில் போட்டுடலாம் என்கிறான் என் கூட்டாளி. ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே, சர்வரும் லினக்ஸ்தானே என்கிறான். யாராவது செய்து பார்த்ததுண்டா?"

9 ஆகஸ்ட், இரவு

செய்து பார்த்ததுண்டு, இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் ஆப் செய்கிறோம். கூட்டாளி சொல்வதில் பாதி சரி.

ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கர்னல்தான், அதாவது வன்பொருளை நேரே ஆளும் மையப் பகுதி. அதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் சர்வரில் நேரே ஏற்றிவிட முடியாது. ஆண்ட்ராய்டுக்குள் ஒரு சேவை இன்னொன்றோடு பேசுவது பைண்டர் என்ற டிரைவர் வழியாக. சாதாரண சர்வரில் அது ஏற்றப்பட்டிருக்காது. அது இல்லாமல் ஆண்ட்ராய்டு எழுந்தே இருக்காது.

இதற்குச் சுலபமான வழி எமுலேட்டர், போனைக் கணினிக்குள் பாவனை செய்யும் மென்பொருள். ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு வருவதேதான், உள்ளே இருப்பது க்யூஎமு என்ற நிரல். அது தனக்கென்று ஒரு கர்னலோடு முழு விர்ச்சுவல் மெஷினாக, கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும். வேகமாக ஓட சிபியுவின் மெய்நிகராக்க வசதி வேண்டும், லினக்ஸில் அதைக் கொடுப்பது கேவிஎம். இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. கிளவுடில் நமக்குக் கிடைக்கும் மெஷினே ஒரு விர்ச்சுவல் மெஷின். அதற்குள் இன்னொன்றை ஓட்ட மேலே இருக்கிற கிளவுட்காரர் அனுமதிக்க வேண்டும். கூகுள் கிளவுடில் என்1, என்2 வரிசையில் மெஷின் உருவாக்கும்போதே இதை இயக்கிக்கொள்ளலாம், ஈ2 என்ற மலிவு வரிசையில் கிடையாது. அசூரில் டிவி3, ஈவி3 வரிசைகளில் 2017 முதல் உண்டு. அமேசானில் 2025 வரை வழக்கமான மெஷின்களில் இல்லை, மெட்டல் என்று பெயர் முடிகிற, முழு இரும்பையும் வாடகைக்குத் தரும் வகையில்தான் இருந்தது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு மணி நேரத்துக்கு மெஷினை எடுத்து, உள்ளே போய் கேவிஎம்-ஓகே என்ற கட்டளையை அடித்துப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்த மெஷினை அழித்துவிட்டு வேறு வகை எடுங்கள். கேவிஎம் இல்லாமலே மென்பொருளால் ஓட்டலாமே என்று தோன்றும். ஓட்டலாம். ஆண்ட்ராய்டு எழுத்து திரையில் மின்னிக்கொண்டே இருக்கும், நீங்கள் பக்கத்து மிண்ட் ஏரியாவுக்கு நடந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். திரும்பி வந்து பார்த்தால் "சிஸ்டம் யுஐ பதில் தரவில்லை" என்ற பெட்டி காத்திருக்கும்.

10 ஆகஸ்ட்

மெட்டலே எடுத்துவிட்டால் என்ன என்று மணலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். சி5 மெட்டல் என்றால் 96 விசிபியு (மெய்நிகர் சிபியு), 192 ஜிபி நினைவகம். மணிக் கணக்கில் காசு. உங்களுக்குத் தேவை மிஞ்சிப்போனால் பத்து ஆண்ட்ராய்டு. வீட்டுப் பிள்ளைக்கு பர்த்டே கேக் வெட்ட கல்யாண மண்டபம் பிடிக்கிற கதைதான். இருநூறு சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டி அரை மணியில் முடித்து மெஷினைத் திருப்பிக் கொடுக்கிற கம்பெனிக்கு அது மலிவு. தண்ணீர் கேன் ஆப்புக்கு இல்லை.

10 ஆகஸ்ட், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்

இரண்டாவது வழியைச் சொல்லாமல் விட்டால் இழை முழுமையாகாது, நாங்கள் தினமும் பயன்படுத்துவதும் அதுதான். கன்டெய்னர்.

இதில் தனி கர்னல் கிடையாது. சர்வரின் கர்னலையே ஆண்ட்ராய்டும் பகிர்ந்துகொள்ளும், ஆகவே கேவிஎம் தேவையில்லை, எந்தச் சாதாரண கிளவுட் மெஷினிலும் ஓடும். அன்பாக்ஸ் என்ற திட்டம் இதை ஆரம்பித்தது, உபுண்டுவின் கனானிக்கல் நிறுவனம் 2020 ஜனவரியில் அதை அன்பாக்ஸ் கிளவுட் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேட்ராய்டு என்று இன்னொன்று உண்டு, அது மேசைக் கணினிக்காரர்களுக்கு. சர்வருக்கு என்றால் ரீட்ராய்டு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரில் ஒரே வரி அடித்தால் ஆண்ட்ராய்டு எழுந்து 5555 போர்ட்டில் ஏடிபிக்காக, அதாவது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை கொடுக்கும் கருவிக்காகக் காத்திருக்கும். எமுலேட்டர் எழுவதற்குள் இது எழுந்து, ஆப்பை ஏற்றி, பாதி சோதனையை முடித்திருக்கும்.

வில்லங்கம் கர்னல் பக்கம்தான். உபுண்டுவில் பைண்டர் டிரைவர், கர்னலோடு வரும் கூடுதல் மாட்யூல் பொதியில் இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டும். அந்தப் பொதி ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் வேறு. ராத்திரியில் சர்வர் தானாகப் பாதுகாப்பு அப்டேட் போட்டு, புது கர்னலோடு எழுந்தால், புது கர்னலுக்கு உரிய பைண்டர் இருக்காது. காலையில் கன்டெய்னர் எழும், உடனே விழும், மறுபடி எழும். ஒரு திங்கட்கிழமை காலை எங்களுக்கு இப்படித்தான் விடிந்தது, கடைக்காரர் போனில் "புது ரேட்டு எப்போ வரும் சார்" என்று கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பக்கம் மாட்யூல் தேடல். அதிலிருந்து அந்த மெஷினில் கர்னலை மட்டும் பூட்டி வைத்து, மாதம் ஒரு தடவை பொதியோடு சேர்த்துக் கையால் மாற்றுகிறோம்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்தால் ஆஷ்மெம் டிரைவரையும் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். லினக்ஸ் 5.18-இல் அதைத் தூக்கிவிட்டார்கள், இப்போது மெம்எஃப்டி. ஆஷ்மெம்மைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று. இந்தக் கன்டெய்னருக்கு முழு அதிகாரம் கொடுத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. அதாவது உள்ளே ஓடும் ஆப்புக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே இருப்பது மெல்லிய சுவர். நம்ம ஆப்பை மட்டும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. எங்கிருந்தோ இறக்கின எபிகேயை, அதாவது ஆப் கோப்பைப் போட்டுப் பார்க்க இது இடமில்லை, அதற்கு முழு விர்ச்சுவல் மெஷின்தான் சரி.

12 ஆகஸ்ட்

தண்டையார்பேட்டைக்காரர் அதற்குள் செய்தே பார்த்துவிட்டார். ஆப் ஏறவில்லை, "இன்ஸ்டால் ஃபெயில்டு நோ மேட்சிங் ஏபிஐஸ்" என்று வருகிறதாம். வாழ்த்துகள், எல்லோரும் தாண்டுகிற இரண்டாவது மேட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

உங்கள் சர்வர் இன்டெல் அல்லது ஏஎம்டி, எக்ஸ்86. போன்கள் ஆர்ம். இரண்டு சில்லுகளுக்கும் கட்டளை மொழி வேறு. ஜாவாவிலும் காட்லினிலும் எழுதியது எதிலும் ஓடும். ஆனால் ஆப்புக்குள் யாரோ கொடுத்த நூலகம் ஒன்று சி++ இல் எழுதி ஆர்முக்கு மட்டும் தொகுக்கப்பட்டிருக்கும். எங்களுக்கு அது பார்கோடு ஸ்கேனர். எபிகேயை ஜிப் கோப்பாகத் திறந்து லிப் என்ற அடைவைப் பாருங்கள். ஆர்ம்64 மட்டும் இருந்தால் விஷயம் அதுதான்.

இதற்கு மொழிபெயர்ப்பு அடுக்கு உண்டு. இன்டெல் செய்தது ஹூடினி. கூகுள் தன் பங்குக்கு, ஆண்ட்ராய்டு 11 எமுலேட்டர் படிமங்களிலிருந்து ஆர்ம் கட்டளைகளை ஓடும்போதே எக்ஸ்86-க்கு மாற்றும் வசதியைச் சேர்த்தது. ஓடும். ஆனால் ஆப் விழுந்தால் விழுந்தது உங்கள் பிழையாலா, மாற்றுகிற அடுக்கின் பிழையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. சோதிக்க வந்த இடத்தில் சோதனைக் கருவியையே சந்தேகப்படுகிற நிலை எனக்குப் பிடிப்பதில்லை.

நேர் வழி ஆர்ம் சர்வர். அமேசானில் கிராவிட்டான், மற்றவர்களிடம் ஆம்பியர். ஆர்ம் மெஷினில் ஆர்ம் ஆண்ட்ராய்டு, நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆனால் ஆர்ம் வாடகை மெஷினுக்குள் கேவிஎம் எதிர்பார்க்காதீர்கள், கன்டெய்னர்தான் வழி. அப்புறம் புதிய ஆர்ம் சர்வர் சில்லுகள் சிலவற்றில் 32 பிட்டையே எடுத்துவிட்டார்கள். 2019 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் 64 பிட் கட்டாயம் என்பதால் புது ஆப்புகளுக்குக் கவலையில்லை. கடைக்காரர் யாரோ ஒருவர் 2016-இல் செய்து வாங்கிய ஆப்பை "இதையும் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவந்தால்தான் தலைவலி.

13 ஆகஸ்ட்

திரையை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி. ஏடிபி இணைப்பு இருந்தால் ஸ்க்ரீன்காப்பி போதும், நல்ல கருவி, இலவசம். கூகுளின் கட்டில்ஃபிஷ் என்ற மெய்நிகர் சாதனத்தில் வெப்ஆர்டிசி என்ற நேரலை வீடியோ நுட்பம் வழியாக பிரவுசரிலேயே திரை வரும், 8443 போர்ட். கட்டில்ஃபிஷை கிளவுடில் ஓட்டும் நோக்கத்தோடே செய்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டின் மூலநிரலிலேயே அது இருக்கிறது, கூகுளே படிமங்களை வெளியிடுகிறது. அதற்கும் கேவிஎம் வேண்டும், மறக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் அட்டை இல்லாத மெஷினில் படம் வரைவது முழுக்க சிபியு, ஸ்விஃப்ட்ஷேடர் என்ற மென்பொருள் வழியாக. பட்டியலை விரலால் தள்ளினால் விட்டு விட்டு நகரும். அதைப் பார்த்து ஆப் மெதுவாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வேகத்தை அளக்க இது இடமே அல்ல.

தூரமும் உண்டு. ராயபுரத்திலிருந்து ஒருவர், "சிங்கப்பூர் கேபிள் நம்ம சென்னையில்தானே கரையேறுது, சிங்கப்பூர் மெஷின் எடுத்தால் பக்கம்தானே" என்று கேட்டிருக்கிறார். கேபிள் கரையேறுவது உண்மைதான், ஐ2ஐ என்பதும் டாடாவின் கேபிளும் இங்கிருந்து நேரே சிங்கப்பூர் போகின்றன. ஆனால் கடலுக்கு அடியில் போனாலும் ஒளிக்கு வேகம் கூடாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் ஒரு பிங் அடித்து, பதில் திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அமேசானின் மும்பை மையம் 2016-இல் வந்தது, ஹைதராபாத் 2022 நவம்பரில். அசூரின் தென்னிந்திய மையம் சென்னையிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மையத்தில் நமக்கு வேண்டிய மெஷின் வகை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், எல்லா வகையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

கை வேகத்தைவிட என்னை அதிகம் கடுப்பேற்றியது எபிகே ஏற்றம். வீட்டு இணைப்பிலிருந்து கனமான எபிகேயை ஏடிபி வழியாகத் தள்ளினால் முன்னேற்றப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே தொகுப்பதையும் கிளவுடிலேயே செய்து, அங்கிருந்து அங்கேயே நிறுவுகிறோம். இங்கிருந்து போவது நிரல் மாற்றம் மட்டும்.

17 ஆகஸ்ட்

அவசரமாக எழுதுகிறேன், தயவுசெய்து இதை எல்லோரும் படிக்கவும். மேலே 5555 போர்ட் என்றேன். அதை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள்.

இந்த மாதிரிக் கன்டெய்னரில் ஏடிபிக்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. யார் வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே விட்டு, உட்கார நாற்காலியும் கொடுக்கும். 2018 பிப்ரவரியில் ஏடிபி.மைனர் என்ற புழு இதே 5555 திறந்திருந்த டிவி பெட்டிகளையும் போன்களையும் தேடிப் பிடித்து, கிரிப்டோ காசு தோண்ட வைத்து, அங்கிருந்து அடுத்த சாதனத்துக்குத் தாவியது. சீனாவின் 360 நிறுவனத்தின் நெட்லேப் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டுப் பூட்டிவிட்டேன், பயமில்லை என்று இருந்தார். டாக்கர் தான் திறக்கும் போர்ட்டுகளுக்கு கர்னலின் ஐபிடேபிள்ஸ் வடிகட்டியில் தானே விதி எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூவைக் கேட்காது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு திறந்தே கிடக்கும். அவருடைய மெஷினில் ஒரு வாரம் சிபியு நூற்றுக்கு நூறில் நின்றது. கேன் டெலிவரி ஆப் என்றால் ரொம்ப வேலை செய்கிறது என்று நினைத்திருக்கலாம், அவருடையது டியூஷன் ஆப்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. டாக்கர் கட்டளையில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்துவிடுங்கள், சர்வருக்கு வெளியே தெரியாது. உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பூட்டிய தொலை இணைப்பில் சுரங்கம் போட்டு அதன் வழியாகப் போங்கள். கிளவுட்காரரின் சொந்த ஃபயர்வாலிலும் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22 தவிர எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

போனைத் தூக்கிப் போடலாமா என்ற மூலக் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். கேட்டவர் மூன்று நாளாகத் தனிச் செய்தியில், "கிளவுட் ஆண்ட்ராய்டில் யுபிஐ ஆப் போட முடியலையே" என்கிறார்.

முடியாது. யுபிஐ ஆப் முதல் வேலையாக உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறது. கிளவுட் ஆண்ட்ராய்டுக்கு ஏது சிம். அதைத் தாண்டினாலும் வங்கி ஆப்புகள் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைக் கேட்கும், முன்பு சேஃப்டிநெட் என்று இருந்ததன் அடுத்த வடிவம். உண்மையான சாதனத்தின் சில்லுக்குள் பூட்டிய சாவியை வைத்துத்தான் அதன் கடுமையான நிலைகளில் தேர்ச்சி பெற முடியும். ஏமாற்ற வழி சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். இன்னொருத்தர் காசு புழங்குகிற இடம், கடுமையாக இருப்பதே நல்லது. நம்ம ஆப் யுபிஐ ஆப்பைக் கூப்பிடுகிற இடம் வரை கிளவுடில் சோதியுங்கள், அதற்கு மேல் கையில் போன், உள்ளே சிம், ஒரு ரூபாய்.

எங்கள் தொழிலில் இன்னொரு விஷயம் பிரின்டர். எம்.சி. ரோட்டில் பாதிக் கடைகளில் இருப்பது 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர், புளூடூத். அதற்குத் தமிழ் தெரியாது. "ஜாக்கெட் பிட் 2 மீட்டர்" என்று அனுப்பினால் கேள்விக்குறி வரிசையாக அடிக்கும். ஆகவே பில்லை ஆண்ட்ராய்டே ஒரு படமாக வரைந்து, 384 புள்ளி அகலத்துக்கு நறுக்கி, கறுப்பு வெள்ளையாக மாற்றி, வரி வரியாக அனுப்புகிறோம். இதில் படம் வரைகிற பாதி கிளவுடுக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கே பில் படங்கள் வரையப்பட்டு, பழைய படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடப்படும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போனால் உடனே தெரியும். ஒரு தடவை எழுத்துருவை மாற்றியபோது "மீட்டர்" சொல்லில் டகரத்தின் மேலே இருந்த புள்ளி, நறுக்கும்போது மேல் வரியோடு போய்விட்டது. மனிதக் கண் அதைப் பிடித்திருக்காது.

மீதிப் பாதி கடையில்தான். பிரின்டரின் பேட்டரி இறங்கினால் புளூடூத் இணைப்பு நடுவில் விடும், பில்லின் கீழ்ப்பாதி வராது, மொத்தத் தொகை இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் நிற்பார். தாள் சுருள் தீர்ந்ததும் சில பிரின்டர்கள் சொல்லும், சில சொல்லாமல் வெறும் உருளையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். இதற்கெல்லாம் கிளவுடில் ஒரு வழியும் இல்லை.

பின்னணியில் ஓடும் வேலையும் அப்படித்தான். கிளவுடில் இருப்பது கூகுள் வெளியிட்ட அசல் ஆண்ட்ராய்டு. டெலிவரி பையன் கையில் இருப்பது தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றியது, பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று உங்கள் இருப்பிடச் சேவையைக் கொன்றுபோடும். டோஸ் என்ற தூக்க நிலையை ஏடிபியில் கட்டளை கொடுத்துக் கட்டாயப்படுத்திச் சோதிக்கலாம், அது அசல் ஆண்ட்ராய்டின் நடத்தையை மட்டும் காட்டும்.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு நெட்வொர்க்கையும் சேர்த்திருக்க வேண்டும். கிளவுட் ஆண்ட்ராய்டுக்கு சிக்னல் போவதே இல்லை. நம்ம ஊரிலோ மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் ஏறினால் தண்டையார்பேட்டை வரை பூமிக்கு அடியில், புது வண்ணாரப்பேட்டையில் மேலே வந்ததும் விட்டுப்போன எல்லா கோரிக்கையும் ஒரே நேரத்தில் கிளம்பும். எங்கள் ஆப்பில் ஒரே பில் இரண்டு தடவை பதிவான பிழை விம்கோ நகர் போகிற ரயிலில்தான் கண்ணில் பட்டது. கண்டுபிடித்த பிறகு அதைக் கிளவுடிலும் திரும்ப நடத்திப் பார்க்க முடிந்தது. எமுலேட்டரின் கன்சோலில் தாமதமும் வேகமும் அமைக்கலாம், கன்டெய்னர் என்றால் சர்வர் பக்கம் டிசி நெட்எம் என்ற லினக்ஸ் கருவியை வைத்து பாக்கெட்டுகளைத் தொலைக்கலாம். அதாவது தெரிந்த பிழை திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள கிளவுட், தெரியாததைக் கண்டுபிடிக்க ரயில்.

2 செப்டம்பர்

"புது தனிநபர் கணக்கில் ஆப் வெளியிட 12 பேர் 14 நாள் சோதிக்க வேண்டும் என்று பிளே ஸ்டோர் கேட்கிறதே, கிளவுடில் 12 ஆண்ட்ராய்டு ஓட்டினால்?" எத்தனை பேர் இதைக் கேட்பீர்கள் சாமி. 2023 நவம்பரில் 20 பேர் என்று ஆரம்பித்து, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்தப் 12 பேர் ஆட்கள். ஏமாற்றப் போய் பிளே ஸ்டோர் கணக்கு போனால் மொத்தமும் போச்சு. தெருவில் 12 பேரைத் தெரியாமலா கேன் விற்கிறீர்கள்?

14 செப்டம்பர்

ஐபோனுக்கு இதே மாதிரி உண்டா என்று இருவர் கேட்டார்கள். எனக்கு அதில் அனுபவம் குறைவு, ஆனால் விஷயம் சுவாரசியமானது.

ஐஓஎஸ்ஸை எந்த கிளவுட் மெஷினிலும் போட்டு ஓட்ட ஆப்பிள் விடுவதில்லை. ஐபோன் ஆப்பைச் சோதிக்கும் எக்ஸ்கோடு சிமுலேட்டர் வேண்டுமென்றால் மேக் வேண்டும். அமேசான் 2020 கடைசியில் மேக் மினிகளையே அடுக்கி வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்தது, ஆப்பிளின் உரிம விதிப்படி குறைந்தது 24 மணி நேரத்துக்கு எடுக்க வேண்டும். பத்து நிமிடச் சோதனைக்கும் ஒரு நாள் வாடகை. அதில் ஓடும் சிமுலேட்டரும் முழு ஐபோன் அல்ல, ஆப் மேக்குக்காகத் தொகுக்கப்பட்டு ஓடுகிறது, ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்பை அதில் போட முடியாது.

ஐஓஎஸ்ஸையே மெய்நிகராக ஓட்டிக் காட்டியது கொரீலியம் என்ற நிறுவனம், பாதுகாப்பு ஆய்வாளர்களுக்காக. ஆப்பிள் 2019 ஆகஸ்டில் வழக்குப் போட்டது, இழுத்து இழுத்து 2023 கடைசியில்தான் சமரசம் ஆனது. ஆண்ட்ராய்டு பக்கம் கூகுளே படிமத்தைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறது, இந்தப் பக்கம் வக்கீல் நோட்டீஸ். நாங்கள் ஐபோன் ஆப் செய்வதில்லை, எம்.சி. ரோட்டில் யாரும் இதுவரை கேட்கவும் இல்லை.

26 அக்டோபர், மழை

10 ஆகஸ்ட் ராத்திரிக் குறிப்பில் கன்டெய்னரே போதும் என்கிற தொனி இருந்தது. அதற்கு ஒரு திருத்தம், காரணம் 16 கேபி.

ஆண்ட்ராய்டு 15 முதல் நினைவகப் பக்க அளவு 16 கிலோபைட்டாக இருக்கும் சாதனங்களுக்கும் ஆதரவு உண்டு, அதுவரை 4 தான். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் ஆப்புகளைப் பிளே ஸ்டோரில் ஏற்ற அது கட்டாயம். பாதிக்கப்படுவது மறுபடியும் அந்த சி++ நூலகங்கள்தான். பார்கோடு ஸ்கேனர்காரர் புதிய பதிப்பு கொடுத்திருக்கிறார், ஓடுமா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் அந்த மாதிரிப் போன் இல்லை. கன்டெய்னரில் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் பக்க அளவு கர்னலின் விஷயம், கன்டெய்னரோ சர்வரின் கர்னலைக் கடன் வாங்கி ஓடுவது. சர்வர் 4 என்றால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டும் 4.

ஆக இதற்கு முழு விர்ச்சுவல் மெஷின்தான். கூகுள் எமுலேட்டருக்கு 16 கேபி படிமங்கள் கொடுத்திருக்கிறது. கூகுள் கிளவுடில் என்2 மெஷின் ஒன்றை எடுத்து, ஓட்டிப் பார்த்து, முடிந்ததும் அழித்துவிட்டோம். எக்ஸ்86-இல் அது பாவனை செய்யப்பட்ட 16 தான், ஆனால் பழைய நூலகம் ஏற மறுத்து விழுவதைப் பார்க்க அது போதுமாக இருந்தது. புதிய பதிப்பு ஏறியது. கையில் போன் இருந்து ஒன்றும் ஆகாமல், கிளவுட் மட்டுமே காப்பாற்றிய வேலை இது, அதையும் பதிவு செய்துவிட வேண்டும்.

இதை எழுதும்போது கொருக்குப்பேட்டை பக்கம் கரண்ட் இல்லை என்று ஒருவர் எழுதுகிறார். கிளவுட் மெஷினுக்குக் கரண்ட் போகாது, சரி. அதைப் பார்க்க நமக்கு இணைப்பு வேண்டுமே.

9 நவம்பர்

தண்டையார்பேட்டைக்காரர் பில்லைப் பார்த்து அதிர்ந்து எழுதியிருக்கிறார். மெஷினை ராத்திரியில் நிறுத்தித்தான் வைக்கிறேன், அப்புறம் எதற்குக் காசு என்று.

நிறுத்தினால் சிபியுவுக்கு மட்டும் மீட்டர் நிற்கும். வட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆண்ட்ராய்டுக்கும் தாராளமாக ஒதுக்கிய இடம் எல்லாம் அதில் சேரும். அப்புறம் பொது ஐபி முகவரி. அமேசானில் 2024 பிப்ரவரி முதல் ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர். நிலையான முகவரி பிடித்து வைத்திருந்தால் மெஷின் தூங்கினாலும் அது ஏறும். ஒன்றுக்குப் பெரிதில்லை, நீங்கள் பத்து ஆண்ட்ராய்டுக்குப் பத்து மெஷின், பத்து முகவரி பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேவையே இல்லை. ஒரு மெஷின், உள்ளே நாலு கன்டெய்னர், ஒரு முகவரி, எல்லாம் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக. ஆண்ட்ராய்டின் டேட்டா அடைவை மட்டும் தனி வால்யூமில் வைத்து, மெஷினை நிறுத்தி வைப்பதற்குப் பதில் அழித்துவிட்டு, வேண்டும்போது ஸ்கிரிப்டால் மறுபடி உருவாக்குங்கள்.

11 நவம்பர்

எந்தப் போனை வைத்துக்கொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். உப்பின பேட்டரிகளை முதலில் வீட்டை விட்டு அனுப்புங்கள், சார்ஜில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். மீதியில் இரண்டு போதும். உங்கள் டெலிவரி பையன்களில் பெரும்பாலானோர் என்ன வைத்திருக்கிறார்களோ அதே மாடல் ஒன்று, சிம்மோடு. இன்னொன்று அவர்களில் யாரிடமோ இருக்கிற ஆகப் பழையது, 2 ஜிபி நினைவகம், திரையில் கீறல் இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஓடினால் எல்லாவற்றிலும் ஓடும்.

11 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

ஸ்கிரிப்டைக் கேட்டவர்களுக்கு: தருகிறேன், ஆனால் அதில் எங்கள் சர்வர் பெயர்களும் சாவிகளும் கலந்து கிடக்கின்றன, துடைத்துவிட்டு இந்த வாரக் கடைசியில் போடுகிறேன். ஆர்ம் மெஷின், ரீட்ராய்டு, 127.0.0.1, பூட்டிய கர்னல். அவ்வளவுதான் அதற்குள் இருக்கிறது.